மதுரையில் வீட்டுக்கு மார்பிள், கிரானைட் எடுக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல் கடைக்குப் போய், சாய்த்து நிறுத்தியிருக்கும் ஸ்லாபை (அறுத்த கல் பலகை) பார்த்து மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அப்புறம் அதை வீட்டில் எங்கே போடுவது என்று யோசிப்பவர்கள்தான் அதிகம். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் என்ன சிந்தும், யார் நடப்பார்கள், தினமும் யார் துடைப்பார்கள் என்பது முதலில். கல்லின் பெயர் அதற்குப் பிறகு. கீழே இருக்கும் பதில்கள் எல்லாம் இந்த வரிசையில் யோசித்து எழுதியவை.

ஹாலுக்கு மார்பிளா, கிரானைட்டா?

ஹாலுக்கு மார்பிள் தாராளமாகப் போடலாம். குளிர்ச்சிக்காக என்று மட்டும் சொல்லாதீர்கள். கல் தரை என்றாலே சித்திரை வெயிலில் காலுக்கு இதம்தான், கிரானைட்டும் குளிரும். மார்பிள் தருவது வெளிச்சத்தை. வெளிச்சம் கல்லுக்குள் கொஞ்சம் இறங்கித் திரும்புவதால், சின்ன ஜன்னல் வைத்த ஹால்கூடத் தெளிச்சியாகத் தெரியும்.

அதற்குக் கொடுக்கும் விலை கீறல். மார்பிளின் முக்கியப் பொருளான கால்சைட், மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 3; எண் கூடக் கூடக் கடினம். தெரு மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. வாசலில் மண் தட்டாமல் செருப்போடு ஹால்வரை வரும் வழக்கம் உள்ள வீட்டில், நடை பாதை மட்டும் இரண்டு மூன்று வருடத்தில் மங்கிவிடும். கிரானைட்டில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் இருப்பதால் அது 6, 7க்கு நிற்கும். ஆகவே வராண்டா, நடை, படிக்கட்டு கிரானைட். ஹாலும் படுக்கையறையும் மார்பிள் என்று பிரித்துக்கொள்வது நம் ஊர் வாழ்க்கைக்குச் சரியாக வரும். வீடு முழுக்க ஒரே கல் ஓட வேண்டும் என்பது பத்திரிகைப் படத்துக்கு அழகு.

கடைக்காரர் ‘சீலர் அடிச்சா மார்பிளுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே’ என்கிறார். நிஜமா?

பாதி நிஜம். சீலர் என்பது கல்லின் நுண்துளைகளை அடைக்கப் பூசும் திரவம். கறை வேறு, அரிப்பு வேறு. எண்ணெய், காபி, மஞ்சள் எல்லாம் கல்லின் நுண்துளைக்குள் இறங்குவது கறை. நல்ல சீலர் இந்த இறங்கலைத் தாமதப்படுத்தும். துடைக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும். ஆனால் எலுமிச்சை, புளி, தயிர், வினிகர், தக்காளி எல்லாம் அமிலம். அவை கால்சியம் கார்பனேட்டோடு சேர்ந்து கல்லின் மேல்தோலையே கரைத்துவிடும். மறுநாள் பார்த்தால் நிறம் மாறியிருக்காது, பளபளப்பு மட்டும் போயிருக்கும். சாய்ந்து வெளிச்சத்தில் பார்த்தால் டம்ளர் அடி வட்டமாகத் தெரியும். இதைத் துடைக்க முடியாது, அந்த இடத்தை மறுபடி பாலிஷ்தான் பிடிக்க வேண்டும். சாதாரண சீலர் எதுவும் இந்த அரிப்பைத் தடுக்காது.

சாப்பாட்டு மேசைக்குக் கீழே வெள்ளை மார்பிள் கேட்கிறவர்களிடம், ரசம் சிந்தாத வீடா என்று ஒரு தடவை கேட்பேன். அதற்குச் சிரித்துவிட்டுப் போடுகிறவர்களும் உண்டு. தெரிந்து போடுகிறார்கள், தப்பில்லை. இந்த அரிப்பு அவ்வளவாகத் தெரியக் கூடாது என்றால், கண்ணாடிப் பளபளப்புக்குப் பதிலாக மேட் ஆக இழைத்த ஹோன்டு ஃபினிஷ் கேளுங்கள். மங்கலில் மங்கல் தெரியாது.

இத்தாலியன் மார்பிள் என்று விற்பதெல்லாம் இத்தாலியில் இருந்து வருவதா?

இல்லை. கடையில் ‘இத்தாலியன்’ என்பது பெரும்பாலும் இறக்குமதிக் கல் என்ற பொருளில்தான் புழங்குகிறது. துருக்கி, கிரீஸ், ஓமன் கற்களும் அந்தப் பெயரிலேயே நிற்கும். ஸ்டாச்சுவாரியோ, கலகட்டா, வெள்ளை கரரா ஆகியவை நிஜமாகவே இத்தாலியின் கரரா மலைப் பகுதிக் கற்கள். போட்டிச்சினோவும் இத்தாலிதான், ஆனால் அது புவியியல் கணக்கில் சுண்ணாம்புக்கல். வீட்டுக்கு அந்த வித்தியாசத்தால் ஒன்றும் இல்லை, இரண்டுக்கும் எலுமிச்சை ஆகாது.

தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. இறக்குமதி ஸ்லாபுகளில் பெரும்பாலானவை பின்பக்கம் ஃபைபர் வலை ஒட்டி, முன்பக்கம் எப்பாக்ஸி பிசின் ஊற்றி விரிசல்களை மூடி வருபவை. இது ஏமாற்று வேலை கிடையாது, அந்த மாதிரி நரம்பு ஓடிய கல்லை அப்படித்தான் உடையாமல் கொண்டுவர முடியும். எவ்வளவு மூடியிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஸ்லாபைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். திருப்பிக் காட்டத் தயங்கும் கடையில் எனக்கு ஆர்வம் குறைந்துவிடும்.

நம் நாட்டில் மக்ரானா இருக்கிறது. ராஜஸ்தானத்துக் கல், தாஜ்மகாலுக்கும் கொல்கத்தா விக்டோரியா நினைவகத்துக்கும் போனது. 2019இல் சர்வதேசப் புவியியல் கூட்டமைப்பு இதைப் பாரம்பரியக் கல்லாக அங்கீகரித்தது. நெருக்கமான மணி கொண்ட கல் என்பதால் தண்ணீர் குறைவாகவே குடிக்கும். வெள்ளை வேண்டும், வலை ஒட்டியது வேண்டாம் என்பவர்கள் இறக்குமதியைப் பார்ப்பதற்கு முன் நல்ல மக்ரானாவைப் பார்த்துவிடுவது நல்லது. கடையில் ‘மக்ரானா’ என்று சொல்லி, ராஜஸ்தானின் வேறொரு வெள்ளை மார்பிளான மொர்வாட் காட்டுவதும் நடக்கும். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

ராஜஸ்தானின் மார்பிள் சந்தையான கிஷன்கட்டுக்கே நேரில் போய் வாங்கினால் லாபமா?

முதலில் கணக்குப் போடுங்கள். 18 மி.மீ. மார்பிள் சதுர அடிக்குச் சுமார் 4.5 கிலோ. 20 டன் ஏற்றும் லாரி நிறைய ஏறக்குறைய 4,400 சதுர அடி வேண்டும். உங்கள் வீட்டுக்கு 1,500 சதுர அடிதான் தேவை என்றால், மீதி இடத்துக்கு வேறு யாருடைய சரக்கோ ஏறும். உங்கள் கல் எங்கே அடுக்கப்படும், எத்தனை முறை இறக்கி ஏற்றப்படும் என்பது உங்கள் கையில் இல்லை. 2,000 கிலோமீட்டருக்கு மேல் ரோடு. உடைந்தால் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்காமல் பணம் கட்ட வேண்டாம். ஸ்லாபுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, ‘பில் இல்லாமல்’ என்று குறைத்துச் சொன்ன விலையோடு மதுரைக் கடையின் பில் விலையை ஒப்பிடுவது நியாயமான ஒப்பீடும் இல்லை. இரண்டு மூன்று சொந்தக்காரர்கள் ஒரே சமயம் கட்டுகிறீர்கள், சேர்ந்து ஒரு லோடு எடுக்கிறீர்கள் என்றால் போய்வாருங்கள். ஒற்றை வீட்டுக்கு இங்கேயே வாங்குவது தலைவலி குறைவு.

கடையில் நிற்கும்போது கல்லை எப்படிச் சோதிப்பது?

வெயில் படும் இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஷோரூம் விளக்கில் மஞ்சள் கல்லும் வெள்ளையாகத் தெரியும். ஒரு மக் தண்ணீரை ஸ்லாப் மேல் ஊற்றித் துணியால் ஒற்றி எடுங்கள். கல் காயும்போது முடி போல ஒரு கோடு மட்டும் ஈரமாகவே நின்றால் அது நரம்பு அல்ல, விரிசல். அந்தக் கோட்டின் மேல் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் தட்டினால் சந்தேகமே வேண்டாம். விரல் முட்டியால் நாலைந்து இடத்தில் தட்டினால் நல்ல கல் கணீர் என்னும். உள்ளே பிளவு இருந்தால் ‘டப்’ என்று செத்த சத்தம் வரும்.

ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு வாருங்கள். அந்த இடம் கருத்துப்போயிருந்தால் தண்ணீர் குடிக்கும் கல் என்று அர்த்தம். அதைப் பாத்ரூமுக்கும் சமையலறைக்கும் எடுக்க வேண்டாம்.

குவார்ட்சைட் (பார்க்க மார்பிள் மாதிரி, ஆனால் குவார்ட்ஸால் ஆன கடினக் கல்) என்று சொல்லி மார்பிளை விற்பது இப்போது கூடியிருக்கிறது. கையளவு சாம்பிள் துண்டு வாங்கி, அதன் கூர்முனையால் பழைய கண்ணாடி பாட்டிலில் அழுத்திக் கீறுங்கள். குவார்ட்சைட் கண்ணாடியைக் கீறும், மார்பிளால் முடியாது. கறுப்பு கிரானைட் என்றால் வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்துத் தேயுங்கள். துணியில் கறுப்பு இறங்கினால் சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள்.

அளவு எடுக்கும் முறையையும் பேசி முடித்துவிடுங்கள். மூலை உடைந்த ஸ்லாபில் எதைக் கழிப்பார்கள், அங்குலத்தை மேலே தள்ளிக் கணக்கிடுவார்களா என்பதெல்லாம் பில் போட்ட பிறகு கேட்டால் சண்டையில்தான் முடியும்.

நம்ம மேலூர் பக்கம் கிடைக்கும் கல் என்ன குறைச்சல்?

குறைச்சல் ஒன்றும் இல்லை. வெளிநாட்டுக் கடைகளில் ‘காஷ்மீர் வொயிட்’ என்று விற்கும் கிரானைட் மதுரை வட்டாரத்தில் வெட்டியது, காஷ்மீரில் இருந்து போவதில்லை. வெள்ளையில் சின்னச் சின்ன ஒயின் நிறப் புள்ளிகள் இருக்கும், அவை கார்னெட் மணிகள். அழகான கல்தான், ஆனால் கிரானைட் என்பதாலேயே கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். இது கறுப்பு கிரானைட்டை விடத் தண்ணீர் குடிக்கும். ஈரம் தங்கும் இடத்தில் நாளடைவில் துருக்கறை தட்டலாம். சீலர் அடித்து உலர்ந்த இடத்தில் போட்டால் பிரச்சினை இல்லை.

கிரானைட்டின் ஆயுள் பற்றிச் சந்தேகம் இருந்தால் ஒத்தக்கடை யானைமலை வரை போய்வாருங்கள். அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரை 770இல் பாண்டியர் காலத்தில் குடைந்தது. கல்வெட்டு இன்னும் படிக்கும்படி இருக்கிறது.

மதுரைக்காரர்கள் உள்ளூர்க் கல்லில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 2012இல் அப்போதைய கலெக்டர் சகாயம், சட்டவிரோத கிரானைட் குவாரிகளால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று அரசுக்கு எழுதினார். 2014இல் உயர் நீதிமன்றமே அவரை விசாரிக்க நியமித்தது. கண்மாயும் ஓடையும் குன்றும் என்ன ஆயின என்பது மேலூர் ரோட்டில் போகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து அரிட்டாபட்டி, தமிழிக் கல்வெட்டும் சமணர் படுகையும் குடைவரையும் உள்ள மலை, 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதனால் உள்ளூர்க் கல் வாங்கும்போது கனிமவளத் துறை அனுமதிச் சீட்டோடு வந்த சரக்கா என்று கேளுங்கள், ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை, முறையாக நடத்துகிறவர் எடுத்துக் காட்டுவார்.

கிச்சன் மேடைக்கு எது?

கிரானைட். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. புளி கரைக்கும், எலுமிச்சை பிழியும், தயிர் கடையும் மேடையில் மார்பிள் ஒரு பொங்கலுக்கு மறு பொங்கல்கூடத் தாங்காது. அடர்ந்த கறுப்போ, ஆந்திராவில் சீமகுர்த்தியில் வெட்டும் பிளாக் கேலக்ஸியோ எடுக்கலாம். கேலக்ஸியில் மின்னும் பொன் புள்ளி, கல்லிலேயே இருக்கும் பிரான்சைட் என்ற தாது, தேய்ந்து போகாது.

அடுப்புக்கும் சிங்க்குக்கும் வெட்டும் ஓட்டைகளின் மூலைதான் பலவீனமான இடம். மூலையைச் செங்குத்தாக வெட்டாமல் கொஞ்சம் வளைத்து வெட்டச் சொல்லுங்கள். ஓட்டைக்கு முன்னால் மூன்று அங்குலமாவது கல் நிற்கட்டும். கிரைண்டர் வைக்கும் இடத்துக்கு அடியில் தாங்குகல் இருக்க வேண்டும். மேடைக்குக் கீழ்ப் பலகைக்குக் கடப்பா போதும். அங்கே போய் விலை உயர்ந்த கல் போடுவது வீண்.

பூஜை ரூம், நிலைவாசலில் எதைக் கவனிக்க வேண்டும்?

டிசைனர்கள் யோசிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான். நிலைவாசலுக்கு வெளியே வெள்ளை மார்பிள் போட்ட வீட்டில் ஆயுதபூஜை அன்று என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எலுமிச்சம்பழத்தை நறுக்கி, குங்குமம் தடவி, இரண்டு பக்கமும் கவிழ்த்து வைப்பார்கள். சாறு கல்லை அரிக்கும், அரித்த சொரசொரப்பில் குங்குமம் போய் உட்காரும். மறுநாள் பழத்தை எடுத்தால் அடியில் இளஞ்சிவப்பாக ஒரு வட்டம். அரிப்பும் கறையும் ஒன்றாகச் சேர்ந்தது இது; பாலிஷ்காரரும் ஒரே நாளில் எடுத்துவிட மாட்டார். கற்பூரம் கொளுத்துவதும் பூசணிக்காய் உடைப்பதும் அதே இடத்தில்தான். வாசலுக்குக் கறுப்போ சிவப்போ கிரானைட் போட்டுவிடுங்கள். கோலமும் அதில்தான் எடுப்பாகத் தெரியும்.

பூஜை ரூமுக்குள் சுவரும் பீடத்தின் முகப்பும் மார்பிளாக இருக்கட்டும். விளக்கு நிற்கும் இடத்தில் மட்டும் ஒரு சின்ன கிரானைட் பலகை அல்லது பித்தளைத் தட்டு வைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் மார்பிளில் இறங்கினால் மஞ்சளாகப் படர்ந்துகொண்டே போகும். உடனே பார்த்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து அப்பி, மேலே பிளாஸ்டிக் பேப்பர் மூடி ஒரு நாள் வைத்து எடுங்கள். இரண்டு மூன்று தடவையில் பெருமளவு வந்துவிடும். மஞ்சள் தூள் கறை வெயில் படும் இடத்தில் தானாகவே வெளுக்கும்.

கிரகப்பிரவேசம் இன்னொரு சோதனை. பாலிஷ் முடித்த தரையில் செங்கல் அடுக்கி ஹோமம் வளர்த்தால், அடியில் சூடு ஏறி மார்பிள் வெடிக்கலாம். நெய் இறங்கும், வாசலில் கட்டிய வாழைமரத்துச் சாறு பட்டால் பழுப்பாக நிற்கும். ஐயரிடம் சொல்லிவிட்டு ஹோமகுண்டத்துக்கு அடியில் தகரத் தட்டும், அதற்கும் கீழே இரண்டு வரிசை செங்கலும் மணலும், எல்லாவற்றுக்கும் அடியில் பழைய தார்ப்பாயும் விரியுங்கள். பசுவும் கன்றும் உள்ளே வரும் வழியில் சாக்கு போடுங்கள். பளபளத் தரையில் மாட்டுக்குக் கால் வழுக்கும். வாயில்லா ஜீவனையும் கல்லையும் ஒரே நேரத்தில் கஷ்டப்படுத்த வேண்டாம். முடிந்தால் கடைசி பாலிஷை விசேஷத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வதே நல்லது.

பாத்ரூம், படிக்கட்டு, மொட்டை மாடி?

பாத்ரூம் தரையில் கண்ணாடிப் பாலிஷ் எந்தக் கல்லிலும் வேண்டாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் சொல்லவே தேவையில்லை. தோல் மாதிரி மேடு பள்ளமாக இழைத்த லெதர் ஃபினிஷ் அல்லது தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய ஃப்ளேம்டு கிரானைட் போடுங்கள். படிக்கட்டில் விளிம்பை உருட்டி, விளிம்புக்கு ஒரு அங்குலம் உள்ளே இரண்டு கோடு வெட்டிவிட்டால் பிடிப்பு வரும். மொட்டை மாடிக்கும் திறந்த முற்றத்துக்கும் கறுப்புக் கல் போடாதீர்கள். மத்தியான வேளையில் கோயில் வெளிப்பிரகாரத்தில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குக் காரணம் விளக்க வேண்டாம்.

எங்கள் ஏரியா போர் தண்ணீர் உப்பு. கல்லுக்குக் கெடுதலா?

இரண்டு இடத்தில் கெடுக்கும். ஒன்று, கலவையில். உப்புத் தண்ணீரில் சிமெண்ட் குழைத்து மார்பிள் பதித்தால் மாதக்கணக்கில் இணைப்பு வழியாக வெள்ளை உப்பு பூத்துக்கொண்டே இருக்கும். பதிக்கும் நாட்களுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் டேங்கர் வாங்குங்கள். கல் செலவோடு பார்த்தால் அது ஒரு காசு இல்லை.

இரண்டு, குழாயடியில். கறுப்பு கிரானைட்டில் சிங்க்கைச் சுற்றி வெள்ளைப் படலம் பிடிக்கும். அதைப் பாத்ரூம் ஆசிட் விட்டுத் தேய்க்கிறார்கள், வேண்டாம். தண்ணீரைத் தங்கவிடாமல் ராத்திரி ஒரு தடவை துணியால் துடைத்துவிட்டால் படலமே வராது. படலம் பிடித்துவிட்டால் கிரானைட் என்பதால் நீர்த்த வினிகர் தாங்கும். மார்பிளில் அதையும் செய்யாதீர்கள்.

பதிக்கும் வேலையில் எங்கே தப்பு நடக்கிறது?

கல்லுக்கு லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டுப் பதிக்கும் கூலியில் சதுர அடிக்கு ஐந்து ரூபாய் பேரம் பேசும் இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. டைல்ஸ் ஒட்டிப் பழகிய ஆளும் மார்பிள் பதிப்பவரும் ஒன்று இல்லை. அவர் முன்பு பதித்த வீட்டில், இரண்டு வருடம் ஆன தரையைப் போய்ப் பாருங்கள்.

முதல் வேலை, கல்லைக் கலவை இல்லாமல் தரையில் பரப்பி வைத்துப் பார்ப்பது. ஒரே லாட்டில் வந்த ஸ்லாபுகளிலும் ஒன்று கொஞ்சம் சாம்பல், ஒன்று கொஞ்சம் மஞ்சள் என்று இருக்கும். நிறம் தாவாமல் மாற்றி அடுக்கி, மாடிப்படியில் நின்று பார்த்து, செல்போனில் படம் எடுத்து, பின்பக்கம் பென்சிலில் நம்பர் போட வேண்டும். மார்க்கர் பேனாவில் எழுதினால் மை வெள்ளைக் கல்லில் முன்பக்கம் வரை ஊறி வரும். வீட்டு அம்மா நேரில் நிற்க வேண்டிய நாள் இது; மற்ற நாட்களில் மேஸ்திரி பார்த்துக்கொள்வார்.

வெள்ளைக் கல்லுக்கு அடியில் சாம்பல் சிமெண்ட் பால் ஊற்றக் கூடாது, நிழல் தட்டும். வெள்ளை சிமெண்ட்தான். ஸ்டோன் அட்ஹெசிவில் ஒட்டுவதென்றால் பல் கரண்டியால் முழுப் பரப்பிலும் இழுத்து ஒட்ட வேண்டும். மூலைக்கு ஒரு உருண்டை, நடுவில் ஒரு உருண்டை என்று வைத்து ஒட்டினால் அடியில் வெற்றிடம் நிற்கும். பீரோ கால் அங்கே பட்டால் கல் உடையும். காய்ந்ததும் ஒரு ரூபாய்க் காசால் ஒவ்வொரு கல்லையும் தட்டி, பொள்ளென்று கேட்கும் கல்லை அன்றைக்கே எடுத்து மாற்றச் சொல்லுங்கள்.

கண்மாய்க்குப் பக்கத்திலோ, கண்மாயாக இருந்த இடத்திலோ வீடு என்றால் இன்னொரு எச்சரிக்கை. தரைத்தளத்தில் நிலத்து ஈரம் மேலேறி மார்பிளில் ஈரத் திட்டாகவும் துருவாகவும் நிற்கும். கான்கிரீட்டுக்கு அடியில் பாலித்தீன் ஷீட் விரிக்காமல் விட்டிருந்தால், கல் வாங்குவதற்கு முன் என்ஜினியரிடம் இதைத்தான் முதலில் பேச வேண்டும்.

பதித்த பின் மூடி வைப்பதில் எத்தனையோ தரை பாழாகிறது. ஈர வைக்கோல், ஈரச் சாக்கு, தேக்குப் பலகை, செய்தித்தாள் எல்லாமே நனைந்தால் சாயம் விடும். வெள்ளை பிளாஸ்டிக் ஷீட் விரித்து, அதன் மேல் பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) போட்டு மூடுங்கள். பாலிஷ், கலவை காய மூன்று நாலு வாரம் விட்டு, பெயிண்ட் பிரைமர் முடிந்து, கடைசி கோட்டுக்கு முன்னால்.

மாடியில் கல் போட்டால் எடை தாங்குமா?

18 மி.மீ. கல்லுக்குச் சதுர அடிக்கு 4.5 கிலோ, 40 மி.மீ. கலவைக்கு ஏறக்குறைய 8 கிலோ. கூட்டினால் ஒரு சதுர மீட்டருக்கு 130 கிலோவுக்குப் பக்கம். பல டிசைன்களில் தரை வேலைக்கு 100 முதல் 150 கிலோ வரைதான் கணக்கு வைத்திருப்பார்கள். புது வீடு என்றால் மாடி கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டுவதற்கு முன்பே என்ஜினியரிடம் கல் என்று சொல்லிவிடுங்கள். பழைய வீட்டு மாடியில் இருக்கும் டைல்ஸைப் பெயர்க்காமல் அதன் மேலேயே கலவை போட்டுக் கல் பதிப்பது வேண்டவே வேண்டாம்.

தரை உயரமும் அப்போதே முடிவாக வேண்டும். டைல்ஸ் கணக்கில் நிலை வைத்துவிட்டு மார்பிள் போட்டால் எல்லாக் கதவையும் அடியில் செதுக்க நேரிடும்.

பச்சை மார்பிள், ஓனிக்ஸ் போடலாமா?

உதய்ப்பூர்ப் பக்கத்துப் பச்சைக் கல் பெரும்பாலும் செர்பன்டைன் என்ற வேறு தாதுவால் ஆனது. தண்ணீர் கலந்த கலவையில் பதித்தால் சில கற்கள் ஓரம் தூக்கி வளைந்துவிடும், எப்பாக்ஸியில் ஒட்ட வேண்டும். மேஸ்திரிக்கு இது தெரியாவிட்டால் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள். ஓனிக்ஸ் மென்மையான கல், தரைக்கு ஆகாது. பின்னால் விளக்கு வைத்து பூஜை ரூம் சுவரில் ஒரே ஒரு பலகை என்றால் நன்றாக இருக்கும். எல்.இ.டி. பட்டையைக் கல்லோடு ஒட்டி வைக்காமல் நாலைந்து அங்குலம் தள்ளி வைத்தால்தான் பல்பு புள்ளி புள்ளியாகத் தெரியாது.

சுவருக்கும் மார்பிள் வேண்டுமா?

டிவி சுவருக்குப் புக்மேட்ச் போடுவது இப்போது ஒரு மோகம். அடுத்தடுத்து அறுத்த இரண்டு ஸ்லாபைப் புத்தகம் விரித்த மாதிரி வைப்பது. அழகுதான், கழிவு அதிகம். எட்டடி உயரத்துக்கு மேல் வெறும் பசையை நம்பாதீர்கள், கிளாம்ப் வேண்டும். 200 கிலோ கல் அது.

மற்ற சுவர்களுக்கு என் ஓட்டு சுண்ணாம்புப் பூச்சுக்கு. திருமலை நாயக்கர் மகாலின் பெரிய தூண்களைக் கல் என்று நினைத்துத் தடவிப் பார்ப்பவர்கள் பலர். 1636இல் கட்டியது, கைக்குப் படுவது சுண்ணாம்புச் சுதைதான். செட்டிநாட்டு வீடுகளின் வழவழச் சுவரும் அதே வித்தைதான். வேலை தெரிந்த ஆட்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். மார்பிள் தரைக்கு அந்தச் சுவர் மாதிரிப் பொருந்துவது வேறில்லை.

டைல்ஸ், குவார்ட்ஸ் போதாதா?

பராமரிப்புக்கு ஆள் இல்லாத வீடு, வாடகைக்கு விடும் வீடு என்றால் நல்ல விட்ரிஃபைடு டைல்ஸ் போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தேய்ந்தால் மறு பாலிஷ் கிடையாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். குவார்ட்ஸ் மேடை, அதாவது குவார்ட்ஸ் தூளை ரெசின் பசையில் இறுக்கிச் செய்த செயற்கைக் கல், கறைக்கு நல்லது. அதில் ரெசின் இருப்பதால் அடுப்பில் இருந்து இறக்கிய குக்கரை நேராக வைத்தால் சுடும் இடம் மஞ்சளாகிவிடும். அந்தச் செயற்கைக் கல்லைக் காய்ந்தபடி அறுக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசு நுரையீரலைக் கெடுக்கிறது என்று ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அந்தக் கல்லையே தடை செய்தது. கிரானைட் தூசிலும் சிலிக்கா உண்டு. உங்கள் வீட்டு வாசலில் எந்தக் கல்லை அறுத்தாலும் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், அறுக்கிறவருக்கு மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.

வாஸ்துப்படி எந்த நிறம்?

அதைச் சொல்ல நான் ஆள் இல்லை. வாஸ்து பார்ப்பவர் சொன்ன நிறத்தில் தண்ணீர் குடிக்காத கல்லாகப் பார்த்து எடுங்கள்.

தினமும் எப்படித் துடைப்பது? எத்தனை வருடத்துக்கு ஒரு பாலிஷ்?

முதலில் கூட்டி மணலை எடுத்துவிட்டு, வெறும் தண்ணீரில் அல்லது அமிலமோ காரமோ இல்லாத லோஷன் கொஞ்சம் விட்டுத் துடைத்தால் போதும். ‘லெமன்’ என்று எழுதிய தரை லோஷன், டாய்லெட் கிளீனர், ஆசிட் மூன்றும் மார்பிள் பக்கமே வரக் கூடாது. வேலை முடிந்து வீட்டை ஒப்படைக்கும்போது சிமெண்ட் கறை போக மேஸ்திரி ஆசிட் வாஷ் செய்கிறேன் என்பார், விடாதீர்கள்.

பாலிஷுக்கு வருடக் கணக்கு இல்லை, நடை பாதை மங்கியதும் செய்யலாம். வைரத்தூள் பதித்த பாலிஷ் கல் வைத்து 60, 120 என்ற சொரசொரப்பு நம்பர்களில் ஆரம்பித்துப் படிப்படியாக நைஸாக்குவதுதான் பாலிஷ். ஆக்ஸாலிக் பவுடர் தூவி ஒரே நாளில் மினுக்கிக் கொடுப்பது சீக்கிரம் இறங்கிவிடும். எத்தனை நம்பர் கல் போடுவீர்கள் என்று கூலி பேசும்போதே கேளுங்கள்.

எவ்வளவு கூடுதலாக வாங்க வேண்டும்? மீந்ததை என்ன செய்வது?

நேர் அடுக்குக்கு 10 முதல் 15 சதவீதம். சாய்வு டிசைன், புக்மேட்ச் என்றால் 25 வரை போகும். குறைந்தால் அதே லாட் திரும்பக் கிடைக்காது. குவாரியில் நாலடி தள்ளி வெட்டினாலே நிறம் மாறும். மீந்ததில் இரண்டு முழு ஸ்லாபை விற்காமல் கார் ஷெட் சுவரோரம் செங்குத்தாக, அடியில் கட்டை வைத்து நிறுத்துங்கள், படுக்கப் போட்டால் உடையும். பிளம்பர் என்றைக்காவது தரையைத் தோண்டுவார். துண்டுகளில் ஜன்னல் படி, ஷெல்ஃப், துளசி மாடத்துக்குப் பலகை அடித்துக்கொள்ளலாம். கடை பெயர், லாட் நம்பர், வாங்கிய தேதியை பில்லோடு சேர்த்து பீரோவில் வையுங்கள்.